பள்ளி ஹவுலுக்குத் திரும்பிய மீன்கள்

எத்தாளை,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் றிஷ்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், தென் சூடான் வெயிலில் நீயும் உன் ஐ.நா. படை முகாமில் உள்ளவர்களும் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கதைப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

"என்னால உங்களுக்குத்தானே ஊர்ல பேச்சு, ஆமிய விட்டுட்டு வந்திர்றன் உம்மா" என்று போன கிழமை அழுதாயே. ஓம், பேச்சுத்தான். நுளம்பு பிடிக்க ஆமியில் ஒரு உத்தியோகமா என்று சிரித்தார்கள். பூச்சி டொக்டர் என்று நான் வாய்விட்டதில், நீ லீவில் வந்தபோது வயிற்றில் பூச்சி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளுச் செய்கிற ஹவுல் தொட்டியில் நுளம்புப் புழு நெளிகிறது என்று, அதைத் தின்ன நீ மீன்குஞ்சு விட்டுப் போனாய், பள்ளித் தலைவர் உசனார் மரைக்கார் "உளுத் தண்ணிய நாறடிச்சிட்டா ஆமிக்காரி" என்று கத்தி அள்ளி ஊற்றச் சொன்னாரே, அதுதான் என் நெஞ்சில் குத்தியது. உனக்குச் சொல்லவில்லை, நான் வாளியோடு ஓடிப்போய் அந்த மீனையெல்லாம் வாங்கி வந்து எங்கள் கிணற்றில் விட்டேன்.

இந்த மழையோடு டெங்கு வந்தது. பள்ளியைச் சுற்றி வீட்டுக்கு வீடு காய்ச்சல், மரைக்காரின் பேரன் ஹுனைஸ் ஆஸ்பத்திரியில் கிடந்து, அல்ஹம்துலில்லாஹ், பிழைத்து வந்தான். சுகாதாரப் பரிசோதகர் அல்பேட் ஹவுலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மீன் விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லல்லையா" என்று கேட்டாராம். அன்றே மரைக்கார் எங்கள் வாசலில். "மரியம், மகள்ட மீன் இன்னும் இரிக்கா" என்றார். விடுவேனா? "மீன் நாறுமே மரைக்கார்" என்று கேட்டுவிட்டுத்தான் கிணற்று மீனை வாளியில் அள்ளிக் கொடுத்தேன். உன் வாப்பா பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், நான் கணக்கெடுக்கவில்லை.

இன்று ஜும்ஆவில் மௌலவி, கடல் தண்ணீரிலேயே உளு எடுக்கிற சனத்துக்கு மீன் எப்படி நாறும் என்று கேட்டது ஒலிபெருக்கியில் வீடுவரை கேட்டது. பிறகு மரைக்காரே எழும்பி, "எங்கட ஊர் கப்டன் றிஷ்னாவுக்கு எல்லாரும் துஆச் செய்ங்க" என்றார். எங்கட ஊராம்! அடுப்பில் கறி அடிப்பிடித்தது, நான் அழுதுகொண்டு நின்றேன்.

ஆகவே மகள், ஆமியை விடுகிற கதையை இத்தோடு விடு. அங்கே உன்னை நம்பித் தூங்குகிற பிள்ளைகளும் யாரோ உம்மா பெற்றதுகள்தான். நுளம்பு வலை கட்டிக்கொண்டு படு, உனக்கே சொல்கிறேன் பார், ஆனாலும் நான் சொல்லாமல் யார் சொல்வது. அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தையும் உடம்புக்கு ஆஃபியத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
கப்டன் றிஷ்னாவைப் பெற்ற
உம்மா, மரியம்