மேடைப் பக்கம் நீட்டிய போன்

என்னங்க,

ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு இருக்கும். ரொட்டியும் அவித்த முட்டையும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். நாலு மணிக்குப் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிடுங்கள்.

நேற்று நீங்கள் கச்சேரியிலிருந்து கூப்பிட்டபோது மருந்துக்கடை கவுன்டரில் ஏழு பேர் என்னிடம் மருந்து வாங்க வரிசையில் நின்றார்கள். "உனக்குப் பிடிச்ச பாட்டு, கேளு" என்று போனை மேடைப் பக்கம் நீட்டினீர்கள். எனக்குக் கேட்டதெல்லாம் உங்கள் பக்கத்தில் நின்ற உங்கள் ஆபீஸ் டிசைனரின் குரல்தான். ஒரு வரி தப்பாமல் பாடினாள். நன்றாக வேறு பாடினாள்.

அந்த ராக் பேண்டை உங்களுக்குக் காட்டியவளே நான்தான். கல்யாணமான புதிதில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். எனக்கு லீவு இல்லை என்றதும், "டிக்கெட் வீணாப் போகுமே, ஆபீஸ் டிசைனரைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டீர்கள். "நீ இல்லாம நான் மட்டும் எப்படிப் போறது?" என்று ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம். வயிறு எரிகிறது. மறைக்கவில்லை.

பி.கு.: நான் கடைக்குப் போகவில்லை. கூட்டம் தாங்காமல் அதே அரங்கில் இன்றைக்கும் ஒரு கச்சேரி சேர்த்திருக்கிறார்கள். முதலாளியோடு மல்லுக்கட்டி லீவு வாங்கிவிட்டேன். நாளைக் காலையில் வருவேன்.

இன்னொன்று: "ஒரு டிக்கெட்தான் கிடைச்சுதா?" என்று கேட்பீர்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்.