வராத கணக்குகளின் வினாத்தாள்

மதினி,

இன்று காலையில் எதிர்வீட்டில் யாரோ கூழ்வத்தல் பொரித்தார்கள். சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டு வாசனை இன்னொரு வீட்டுக்குள் நுழைய யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பச்சை மிளகாயும் பெருங்காயமும் கலந்த அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கெல்லாம் ரசம் சாதம் ஞாபகம் வரும். எனக்கு வகைநுண்கணிதம் ஞாபகம் வந்தது. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது உறைத்தது. போனில் கூப்பிட்டுச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வள்ளியூரிலிருந்து அண்ணனுக்கு மனைவியாக, திருநெல்வேலி டவுணில் இருந்த எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தபோது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பிளஸ் ஒன். வீட்டுக்கு ஒரே நாத்தனார் என்ற மிதப்பில், வருகிறவளைக் கொஞ்சம் ஆட்டி வைக்க வேண்டும் என்று தீர்மானமாக இருந்தேன். அதற்கு வசதியாக ஒரு சேதியும் கிடைத்திருந்தது. நீங்கள் பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில். மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். கணக்கு மட்டும் நாலு மார்க்கில் போய்விட்டது. அதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள்.

என் தீர்மானம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கும்போது நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்கள். "அத்தை, நான் கணக்கு மட்டும் திரும்ப எழுதிப் பாக்கட்டுமா? பாஸாயிட்டா தபால்ல பி.எஸ்ஸி. சேந்துருவேன். வீட்டு வேலைக்கு ஒரு குறையும் வராது."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் வயல் வைத்திருந்த குடும்பம் நாங்கள். வயலெல்லாம் போய் அப்பா தாலுகா ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியும், அம்மாவின் கௌரவத்தில் ஒரு சென்ட் குறையவில்லை. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா மோர் கேட்டார். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எழுது. ஒரு தடவ எழுது. அதுலயும் போச்சுன்னா இந்தப் பேச்ச அங்கனயே விட்டுரணும். இன்னொண்ணு, தெருவுல ஒருத்திக்கும் தெரியக் கூடாது. மருமக ரெண்டு தடவ ஃபெயிலான்னு எவளும் என் மூஞ்சிக்கு நேரா கேக்கக் கூடாது, ஆமா."

ஒரே ஒரு தடவை. நீங்கள் தலையை ஆட்டிவிட்டு எனக்கு இன்னொரு தோசை வைத்தீர்கள்.

நான் பிளஸ் டூ எழுதும் அதே மார்ச்சில் நீங்களும் தனித்தேர்வராக எழுதுவது என்று ஆனது. அப்புறம்தான் என் மேதாவித்தனத்தைக் காட்ட இறங்கினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு மதம் இருந்தது. மார்ச், அக்டோபர் என்று பழைய வினாத்தாள்களை வரிசையாக வைத்துக்கொண்டு, போன தடவை வந்தது இந்தத் தடவை வராது, ரெண்டு தடவையாக வராதது இந்தத் தடவை வந்தே தீரும் என்று ஜோசியம் பார்க்கும் மதம். நானும் அதில் தீவிர பக்தை. ஜங்ஷனில் பழைய புத்தகக் கடையிலும் தோழிகளின் அக்காமாரிடமும் வினாத்தாள்களைத் திரட்டி, எந்தப் பாடத்தை எல்லாம் படிக்க வேண்டாம் என்று அடித்துக் காட்டி, உங்களிடம் பெருமையாக நீட்டினேன். பாதிப் புத்தகம் மிச்சம் என்றேன்.

நீங்கள் அதை வாங்கிப் பார்த்தீர்கள். முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, இதே மாதிரிதான் எங்க கிளாஸ்லயும் வச்சிருந்தோம். அக்டோபர்ல வந்துட்டு, மார்ச்ல வராதுன்னு மொத்த கிளாஸும் ஒரு பாடத்த விட்டுச்சு. நானும் விட்டேன். அதுலருந்து ரெண்டு பெரிய கணக்கு வந்துச்சு."

"எல்லாரும் ஃபெயிலா?"

"டியூஷன் போன பிள்ளைங்க வேற கணக்கப் போட்டு எப்படியோ தப்பிச்சிட்டாங்க. நான் அந்தக் கேள்வியப் பாத்தபடியே உக்காந்திருந்தேன். கணக்கு தெரியாம நான் ஃபெயிலாகல. வராதுன்னு நம்பி ஃபெயிலானேன்."

அது வரைக்கும் உங்களை மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த எண்ணம் போனது. உங்கள் மேல் பிரியம் வந்தது. அந்தப் பிரியம் பிறகு ஒரு நாளும் குறையவில்லை, மதினி.

நம் முறையை நீங்கள்தான் வகுத்தீர்கள். பழைய வினாத்தாள் என்பது எது வரும் என்று பார்க்க இல்லை, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத என்றீர்கள். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, நிஜப் பரீட்சை போலவே, நடுவில் எழுந்திருக்காமல். எழுதி முடித்ததும் தாளை மாற்றிக்கொண்டு ஒருவர் மற்றவருடையதைத் திருத்த வேண்டும். ஆனால் மூன்று மணி நேரம் ஒரு மருமகள் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தால், சுவருக்குச் சுவர் ஒட்டிய எங்கள் தெருவில் கதை பரவாமல் இருக்குமா?

அம்மாதான் வழி சொன்னாள். "மச்சிக்குப் போங்க. வத்தல் போட்டுத் தாரேன். எவளாவது கேட்டா, காக்காக்குக் காவல் இருக்கோம்னு சொல்லுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பரீட்சை நாளும் விடியற்காலையில் எழுந்து கூழ் காய்ச்சி, பழைய வேட்டியை மச்சியில், அதுதான் மொட்டை மாடியில், விரித்து, முறுக்கு நாழியால் பிழிந்து தந்துவிட்டுத்தான் காப்பி குடித்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நீங்கள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. காக்காயை விரட்ட விரித்த கறுப்புக் குடையை வெயிலுக்கு நாம் பிடித்துக்கொண்டதால், காக்காய்கள் வத்தலைத் தின்றுகொண்டே நம்மைக் கண்காணித்தன. பக்கத்து வீட்டு ஆச்சி கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "என்னட்டி, இந்த வருசம் உங்க வீட்டுல கல்யாணம் எதுவும் வச்சிருக்கா? இம்புட்டு வத்தல் போடுதீங்க?" என்று கேட்டாள். நீங்கள் ஒரு தொகையீட்டுக் கணக்கின் நடுவில் இருந்தீர்கள். தலையை நிமிர்த்தாமல், "இவளுக்குத்தான் ஆச்சி, மாப்பிள்ள பாக்கோம்" என்றீர்கள். அடுத்த அரை மணி நேரம் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

திருத்துவதில் நீங்கள் எமன். விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு வரியை விட்டால் மார்க் போய்விடும். நான் சளைத்தவளா? தொகையீடு செய்தால் கடைசியில் மாறிலியாக ஒரு சி சேர்க்க வேண்டும். நீங்கள் அதை எப்போதும் மறந்துவிடுவீர்கள். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "சி எங்க மதினி? வள்ளியூர்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று எழுதுவேன். அண்ணன் ஒரு நாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நாத்தனார் கொடுமை என்பது இதுதான் போலிருக்கிறது என்றான்.

பிப்ரவரி பாதியில் கையில் இருந்த வினாத்தாள்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. உங்கள் மார்க் ஏறிக்கொண்டே வந்திருந்தது. போதும் மதினி, இனி ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் போதும் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. புத்தகத்தையும் பழைய வினாத்தாள் கட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மத்தியானம் என்னவோ செய்தீர்கள். மூன்றாம் நாள் மச்சியில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தீர்கள். நீங்களே எழுதிய வினாத்தாள். பார்த்தால் ஒன்றுகூடப் பழகின கேள்வி இல்லை.

"என்ன மதினி இது?"

"புத்தகத்துல இருக்கு, ஆனா இதுவரைக்கும் எந்தத் தாள்லயும் வரல. அதை மட்டும் பொறுக்கிச் சேத்தேன்."

"வராததை எதுக்கு எழுதணும்?"

"ஏன் வராது?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்தத் தாளில் இரண்டு பேரும் படுதோல்வி. கூம்பு வடிவத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஊற்றும் வேகம் இவ்வளவு, மட்டம் எந்த வேகத்தில் உயரும் என்று ஒரு கணக்கு. நான் கையைத் தூக்கிவிட்டேன். நீங்கள் கீழே ஓடிப் போய் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் கொண்டுவந்து, அடியை விரலால் அடைத்து, செம்பிலிருந்து பைய ஊற்றிக் காட்டினீர்கள். முதலில் மட்டம் விறுவிறுவென்று ஏறியது. மேலே வாய் அகல அகல மெதுவானது. "பாரு, ஊத்துத வேகம் ஒண்ணுதான். ஏறுத வேகம் மாறுது" என்றபோது உங்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் வேறு யார் முகத்திலும் கண்டதில்லை. புனலில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் வத்தலில் தெறித்து, அம்மாவிடம் இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பரீட்சை அன்று எனக்கு டவுணில் என் பள்ளிக்கூடம். உங்களுக்கு ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டையில். தாளைப் பிரித்தேன். பெரிய கேள்விகள் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். கட்டாயம் எழுத வேண்டிய கணக்காக, கூம்பு வடிவத் தொட்டி உட்கார்ந்திருந்தது. ஹாலில் ஒரு சலசலப்பு. என் முன்பெஞ்சுக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். அதை எங்கள் மதத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே நிமிடத்தில் நீங்கள் இதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே எனக்குக் கை வேகம் பிடித்தது.

ஜங்ஷன் பஸ் நிறுத்தத்தில் உங்களுக்காகக் காத்திருந்தேன். பாளையங்கோட்டை பஸ் நிற்பதற்குள் படியிலிருந்து குதித்தீர்கள். அவ்வளவு கூட்டத்திலும் தூரத்திலிருந்தே கத்தினீர்கள்: "ஏட்டி! தொட்டி வந்துச்சு பாத்தியா!"

"பாத்தேன் மதினி! சி போட்டீங்களா?"

"எல்லா எடத்துலயும் போட்டேன்! தேவையில்லாத எடத்துலகூடப் போட்டேன்!"

என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல், ஒரு பழக்கடை அண்ணாச்சி, "என்ன தாயி, யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?" என்று கேட்கும் அளவுக்கு அழுதீர்கள். "இல்ல அண்ணாச்சி, நாங்க ஜெயிச்சிட்டோம்" என்று நான் சொன்னேன். ரிசல்ட் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பேப்பரில் ரிசல்ட் வந்த அன்று என் நம்பர் உடனே கிடைத்தது. உங்கள் நம்பரைக் காணோம். அண்ணன் மூன்று தடவை தேடிவிட்டுப் பேப்பரைக் கீழே வைத்தான். நீங்கள் அடுப்படிக்குப் போனீர்கள். அம்மா பேப்பரைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, "இங்கன ஏதோ தனித்தேர்வர்னு வேற பக்கத்துல போட்டுருக்கானே, இத எவம்ல பாத்தான்?" என்றாள். நம்பர் அங்கே இருந்தது. மார்க் பட்டியல் வந்தபோது உங்களுக்கு இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று. என்னைவிடப் பதின்மூன்று கூட. அதை நான் இன்று வரை மன்னிக்கவில்லை.

தெருவில் ஒருத்திக்கும் தெரியக் கூடாது என்று சட்டம் போட்ட அம்மா, அன்று சாயங்காலம் வத்தலைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "எம் மருமக கணக்குல பாஸு. அதுக்குத்தான் இம்புட்டு வத்தலும்" என்று எல்லா வாசலிலும் சொன்னாள். பி.எஸ்ஸி. படித்தீர்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். உத்தியோகத்துக்குக் கிளம்பும் முதல் நாள் உங்கள் சாப்பாட்டுத் தூக்கை அம்மாதான் கட்டினாள்.

போன வருடம் நோய் என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் நான் அழுதேன். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "அழாதட்டி. இதுவும் பாடப்புத்தகத்துல உள்ளதுதான்" என்றீர்கள். அதற்கு மேல் உங்களைத் தேற்ற எனக்கு என்ன இருந்தது? துக்கம் கேட்க வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தபோதெல்லாம், எழுந்து நிற்கவே ஆள் வேண்டியிருக்கிற அம்மா, நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கணக்குல நூத்தித் தொண்ணூத்தியொண்ணு எடுத்தவ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உங்கள் இழப்பு ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மென்பொருள்களில் பிழை தேடுவது என் வேலை. போன மாதம் ஒரு கூட்டத்தில், நான் எழுப்பிய ஒரு சந்தேகத்தைப் பார்த்து, என்னைவிடப் பெரிய அதிகாரி ஒருவர், இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று வந்ததே இல்லை, இனியும் வராது, விட்டுவிடலாம் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. மூன்று வாரம் கழித்து அது வந்தது. என் குழு மட்டும் அதற்குத் தயாராக இருந்தது. எப்படித் தெரிந்தது என்று அந்த அதிகாரியே வந்து கேட்டார்.

தெரியாது என்றேன். அன்று அந்தக் கூட்டத்தில் "ஏன் வராது?" என்று கேட்டது என் வாய்தான், மதினி. குரல் உங்களுடையது.