பேட்டையில் விளக்கு அணைந்த செவ்வாய்க்கிழமை

காரைக்கால்

அன்பு மகன் அஜ்மீருக்கு, உம்மா சலாம் சொல்லி எழுதுவது. துபாயில நீ நோய்நொடி இல்லாம இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்கிறேன். இங்கே நலம்னு எழுதத்தான் கை வரல. போன்ல பேசினா உங்க வாப்பா காதுல விழுந்துடும், அதான் ஊருக்கு வந்துட்டுத் திரும்புற அஃப்ரித் கையில இதைக் கொடுத்தனுப்புறேன்.

கீழவாஞ்சூர்ல நம்ம லாரி பேட்டைக்கு சோலார் விளக்கு போட்டோம்ல, நீ சொல்லித்தான் போட்டாங்க, நல்லதுக்குத்தான் சொன்னே, கரண்ட் பில்லும் பாதியா குறைஞ்சுது, திருநள்ளாறு லாட்ஜ்காரங்ககூட வந்து பார்த்துட்டு அவங்க வாசலுக்கும் மாத்திட்டாங்க. ஆனா இந்த ஐப்பசியில பத்து நாளா வெயிலே காணோம், பேனல் மேல துறைமுகத்து நிலக்கரித் தூசி வேற சேறா அப்பிக்கிச்சு, அந்தி மஃரிபுக்கு எரியுற விளக்கு ராத்திரி இஷா தொழுகைக்குள்ள அணைஞ்சுடுது. பழைய கரண்ட் லைன்ல ஒரு விளக்காவது போட்டு வைப்போம் முதலாளின்னு வாட்ச்மேன் சுப்ராயன் ரெண்டு தடவை சொன்னாரு, மழை விட்டா சரியாகிடும்னு வாப்பா சொல்லிட்டாங்க. போன செவ்வாய்க்கிழமை அந்த இருட்டுல ரிவர்ஸ் எடுத்த லாரி சுப்ராயன் மேல ஏறிடுச்சு. வலது காலை முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க அஜ்மீரு. உன்னை சைக்கிள்ல வச்சு ஸ்கூலுக்கு மிதிச்சுக்கிட்டுப் போன காலு.

அவர் சம்சாரம் காசியம்மா ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, அதுதான் உங்க வாப்பாவை அறுக்குது. அவங்களுக்குச் சோறு இறங்கல. பழைய லைனை நானே ஆளை வச்சு இழுத்துட்டேன், பேட்டையில இப்ப வெளிச்சம் இருக்கு, வாப்பா எட்டிக்கூட பார்க்கல. நேத்து சுப்ராயன் கண்ணு முழிச்சதும் முதலாளி எங்கேன்னுதான் கேட்டிருக்காரு. வாப்பா வார்டு கதவு வரைக்கும் போனாங்க, உள்ளே போகல. அந்தப் போர்வை ஒரு பக்கம் தட்டையா கிடக்கு, என்னால பார்க்க முடியாதுன்னு திரும்பி வந்துட்டாங்க. முதலாளி வந்தாத்தான் கஞ்சி குடிப்பேன்னு அவரு அடம் பிடிக்கிறாராம், காலையில காசியம்மா வந்து அழுதா. அங்கே அவர் சாப்பிடல, இங்கே இவங்க சாப்பிடல, ரெண்டு பேரையும் இழந்துடுவேனோன்னு எனக்குப் பயமா இருக்கு மகனே.

உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு வாப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. அவன் சொன்ன யோசனை, தனியா கிடந்து புழுங்கிச் செத்துடுவான்னாங்க. மீறிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். இதைப் படிச்ச கையோட போன் பண்ணு, யார் மேல தப்புன்னு பேச்செடுக்காதே. உள்ளே போய் அவர் பக்கத்துல உட்காருங்க வாப்பான்னு மட்டும் சொல்லு. நீ சொன்னா கேட்பாங்க.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விட்டுடாதே. ரப்பு உன்னைப் பத்திரமா வச்சிருக்கட்டும்.

உன் உம்மா
ஷரீபுன்னிசா