எல்லாப் போட்டிகளுக்கும் தொடரும் தடை

அடுத்த தீவிலுள்ள லம்பாசாவில் தாய்வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

மாவட்டங்களுக்கு இடையிலான கால்பந்துக் கோப்பையும் போய்விட்டது. லீக்கில் முதலிடம் ஏற்கெனவே நழுவியிருந்தது. உன் தம்பி அவினேஷ் இல்லாத நம் அணியில் கோல் அடிக்க ஆளில்லை.

லீக் ஆட்டத்தில் அவன் நடுவரைப் பிடித்துத் தள்ளியதைப் பற்றி விசாரணையில் அணிச் செயலாளரான என்னைக் கேட்டார்கள்; கண்டதைச் சொன்னேன். மஞ்சள் அட்டை அந்தந்தப் போட்டித் தொடரோடு தீர்ந்துவிடும். நடுவர்மேல் கைவைத்ததற்கான தடையோ லீக், கோப்பை அனைத்துக்கும் தொடரும். அந்த விதியை நான் இயற்றவில்லை.

"நான் பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு நீ கப்பல் ஏறினாய்.

நேற்று சந்தையில் சேம்பு விற்கும் லூசியானா எல்லோர் முன்பும் கேட்டாள்: "செயலாளரே, மச்சான் போனான், கோப்பை போச்சு, பொண்டாட்டியும் போயிட்டா. ஒத்தை ஆளுக்கு ஒரு கட்டுச் சேம்பு எதுக்கு?" நானும் சிரித்து வைத்தேன்.

அவினேஷின் தடை இந்தப் பருவத்தோடு முடிகிறது. அடுத்த லீக்கின் முதல் ஆட்டத்தில் அவன் பெயரை நானே எழுதுவேன். தண்டனை விதிப்பவர் அதன் முடிவையும் சொல்ல வேண்டும். எனக்கு நீ இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
சட்டப்படி இன்றும் உன் கணவன்