மூட்டித் தைத்த சாரம்

வெள்ளவத்தை,
20.11.1990

அன்புள்ள றவூப்,

இங்கு நானும் கௌரியும் சுகம். நீயும் ஸமீமாவும் அங்கு சுகமாக இருக்க வேண்டும். ஜித்தாவுக்குப் போய் இத்தனை வருடமாகியும் உன் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. "உங்கட சிநேகிதர் கணக்காளர் எண்டியள், இதென்ன டொக்டரின்ர எழுத்து?" என்று கௌரி சிரிக்கிறாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். வாசித்துவிட்டுச் சிரி, பரவாயில்லை. ஆனால் பதில் எழுது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டு மேல்மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன் அல்லவா? நீ அப்போதுதான் ஜித்தாவுக்குப் போயிருந்தாய். உன் வாப்பா தன் சாரத்தையும் தொப்பியையும் எனக்கு உடுத்தக் கொடுத்து, வான் வண்டியில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு அகதி முகாமுக்குக் கூட்டிப் போனார். வழியில் மறித்தார்கள். "எங்கட தங்கச்சிட மகன்" என்று வாப்பா சிங்களத்தில் சொன்னார். கையில் பொல்லு வைத்திருந்த ஒருவன் நம்பவில்லை. "சரம உஸ்ஸப்பங்" என்றான். சாரத்தைத் தூக்கிக் காட்டினால் நான் முஸ்லிமா தமிழனா என்று தெரிந்துவிடும் அல்லவா? என் கை சாரத்து முடிச்சில் ஒட்டிக்கொண்டது. வாப்பா இறங்கி எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். "பார்க்க ஆசையென்றால் முதலில் என்னுடையதைப் பார். உன் அப்பனின் வயது எனக்கு" என்று தன் சாரத்தில் கை வைத்தார். அவன் வெட்கப்பட்டு விலகிப் போனான்.

அன்றிலிருந்து என் உடம்போடு எனக்குச் சண்டை. குளிக்கும்போதுகூட முடிச்சை இறுக்கிக்கொள்கிறேன். இப்போது வடக்கில் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது. மார்க்கட்டில் மீன் வெட்டுகிறவன் முதல் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் வரை இன்னொரு கலவரம் வரும் என்கிறார்கள். வாப்பாவும் இல்லை. ஆகவே சுன்னத்துச் செய்துகொள்ளலாம் என்று யோசிக்கிறேன். மதம் மாறவில்லை, நீ விருந்துக்கு ஆயத்தப்படுத்தாதே. என் வயதுக்காரனுக்குச் செய்யக்கூடிய, வாய் காக்கிற டொக்டர் ஒருவர் உங்கள் ஆட்களுக்குள் இருப்பார். ஒரு வரி எழுதிவிடு. கௌரிக்கு இன்னும் சொல்லவில்லை.

உன் அன்பன்,
ஸ்ரீஸ்கந்தராசா

ஜித்தா,
15.12.1990

அன்புள்ள ஸ்கந்தா,

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மச்சான், சுன்னத்துச் செய்கிறாய், சரி. அடையாள அட்டையையும் அறுக்கப் போகிறாயா? அதில் உன் பெயர் முழ நீளத்துக்கு இருக்கிறது. உன் சிங்களத்தைக் கேட்டால் கொழும்புக் காகமே யாழ்ப்பாணம் என்று சொல்லிவிடும். அந்த நாக்கை என்ன செய்வாய்?

வாப்பா அந்தக் கதையை எனக்குச் சொன்னவர். மவுத்தாவதற்கு முந்தின லீவில் நான் வந்தபோது. "அவன் பயத்தில இல்ல மகன், வெக்கத்தில செத்திருப்பான்" என்றார். வாப்பா மறைத்தது உன் மானத்தை. உன் உடம்பில் குறை இருக்கிறது என்று நினைத்து அவர் மறைக்கவில்லை.

எங்களுக்கு அது மார்க்கம். எனக்குச் செய்த அன்று வீடு நிறைய ஆட்கள், புதுச் சாரம், உம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆக்கிய புரியாணி. நான் அழுதேன்தான், ஆனால் எங்கள் கூட்டத்தில் நானும் ஒருவன் ஆனேன். நீ கேட்பது அதுவல்ல. பொல்லோடு நின்ற ஒருவனுக்காக நீ உன்னை அறுக்கப் பார்க்கிறாய். மார்க்கத்தில் சேர வருகிறவனுக்கு நானே கை பிடித்துக் கூட்டிப் போவேன். பயத்துக்கு டொக்டர் தேடித் தர மாட்டேன். சுகாதாரத்துக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருந்தால், நீ நாளுக்கு இரண்டு முறை குளிக்கிறவன், அது போதும். என்னைப் படைத்தவன்தான் உன்னையும் படைத்தான். உன் தாய் பெற்றபடியே இரு.

இனி நான் கேட்கிறேன். ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இயக்கம் எங்கள் ஆட்களை இரண்டு மணி நேரத்தில் வெளியே போகச் சொன்னது உனக்குத் தெரியாதா? ஸமீமாவின் வாப்பாவும் உம்மாவும் அந்தக் கூட்டத்தில் நடந்து வந்தார்கள். மாமாவின் தையல் மெஷினைக் கூடக் கொண்டுவர விடவில்லை. உன் முதல் நீளக் காற்சட்டையைத் தைத்தவர் அவர்தான் என்று எங்கள் கலியாணத்தில் நீ ஊருக்கெல்லாம் சொன்னாய். புத்தளத்தில் எங்கோ ஓலைக் கொட்டிலில் இருக்கிறார்களாம். அது நடந்து மூன்று கிழமையில் நீ எழுதிய கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஸமீமா இரண்டு தரம் வாசித்தாள். மடித்துத் தந்தாள்.

கொழும்பில் சுன்னத்து இல்லாததால் நீ பயந்தாய். யாழ்ப்பாணத்தில் அது இருந்ததால் அவர்களைத் துரத்தினார்கள். எதை அறுத்து யாரிடம் காட்டித் தப்புவது?

றவூப்

வெள்ளவத்தை,
4.1.1991

அன்புள்ள றவூப்,

தெரியும். நடந்த நாளிலிருந்து தெரியும். எங்கள் பெயரால் எங்கள் ஆட்கள் செய்தது. எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் என் பயத்தை மட்டும் எழுதினேன். ஸமீமாவிடம் இதைச் சொல்லு. மன்னிப்புக் கேட்கக்கூடக் கூசுகிறது.

புத்தளத்தில் எந்த இடம்?

ஸ்கந்தா

வெள்ளவத்தை,
12.3.1991

அன்புள்ள றவூப்,

உன் பதில் வரவில்லை. வளைகுடாச் சண்டையில் தபால் நின்றதா, உன் மனம் நின்றதா தெரியாது. விசாரித்துக்கொண்டு நானே போனேன்.

புத்தளத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டம். உன் மாமி என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார். நான் வெளியே நின்றேன். உன் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இடுப்பு நல்லாப் பருத்திட்டுது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாமி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

மாமாவுக்கு நெஞ்சுச் சளி. கொழும்பில் ஆஸ்பத்திரிக்குக் காட்ட இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கௌரி புதுச் சட்டி பானை வாங்கி மாமியிடம் அடுப்பையே கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் இப்போது மரக்கறிக்கே இறைச்சி வாசம்.

போன கிழமை விடியற்காலையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. கதவைத் திறந்தவர் மாமா. தொப்பி, தாடி, நெற்றியில் தொழுத தழும்பு. இவரைக் கண்டால் போய்விடுவார்கள் என்று உள்ளே நான் நினைத்தேன். அடையாள அட்டையைக் கேட்டார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிங்களத்தில் கேட்டார்கள், அவருக்கு என் அளவுக்குக்கூடச் சிங்களம் வராது. எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்தில் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அங்கே மெல்லிய குரலில் உன் மாமா சொன்னார்: "அங்க சோனகன் எண்டு துரத்தினாங்க. இங்க யாழ்ப்பாணத்தான் எண்டு புடிக்கிறாங்க. எனக்குத் தொப்பி, தாடி எல்லாம் இருந்தும் இதுதான் தம்பி." எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பொலிஸ்காரன் முறைத்தான். மத்தியானம் விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கௌரியிடம் டொக்டர் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பயமெண்டா எனக்குச் சொல்லுங்கோ. கத்திக்கு ஏன் சொல்லப் போனியள்?" என்றாள். என்னை நான் எப்படிப் பார்த்தேனோ, அவள் ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லையாம். அன்று பின்னேரம் கிணற்றடியில் நிதானமாகக் குளித்தேன். முடிச்சை இறுக்கவில்லை.

டொக்டர் வேண்டாம், மச்சான். இப்படியே இருக்கிறேன். நீ எழுதாவிட்டாலும் உன் மாமா மாமி இங்கே இருப்பார்கள்.

ஸ்கந்தா

ஜித்தா,
2.4.1991

ஸ்கந்தா,

தபால்தான் நின்றது. மனமும் கொஞ்ச நாள் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தை ஸமீமா சத்தமாக வாசித்தாள். 'இடுப்பு நல்லாப் பருத்திட்டுது' என்ற இடத்தில் அவளால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. மிச்சத்தை நான் வாசித்தேன்.

மாமாவும் எழுதியிருக்கிறார். கௌரியின் மெஷினில் உனக்கொரு சாரம் மூட்டித் தைத்து வைத்திருக்கிறாராம், உன் புது இடுப்பு அளவுக்கு. உடுத்திக்கொள். தொப்பி வேண்டாம். உன் பெயரோடு, உன் யாழ்ப்பாண நாக்கோடு, உன் தாய் பெற்ற உடம்போடு வெள்ளவத்தைக் காலி வீதியில் நட.

ஹஜ் பெருநாளுக்கு வருகிறோம். யாராவது அந்தச் சாரத்தைத் தூக்கச் சொன்னால் கொஞ்சம் பொறு. முதலில் என்னுடையதைப் பார்க்கச் சொல்வேன். நான் வாப்பாவின் மகன்.

உன் றவூப்