இரண்டாம் நம்பர் சீசா

12 ஜூலை 1982, திங்கள்
பேராசிரியர் இன்றும் வரதராஜனை "வரதா" என்றுதான் கூப்பிட்டார். நான் இன்னும் "மிஸ் கிருபாவதி". சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றில் எவ்வளவு அமிலம் விட்டால் சத்து அடியில் படியும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். அதற்குள் அவனுடைய தூள் பாலாக வெளுத்திருக்கிறதாம். என்னுடையது இன்னும் மஞ்சள். வயிறு எரிகிறது.

14 ஜூலை
நாக்கில் இனிப்பை எந்தத் தூள் நன்றாக மறக்கடிக்கிறதோ, அது மட்டும் மெட்ராஸுக்குப் போகும். அங்கே சர்க்கரை வியாதி வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். கட்டுரையில் முதல் பெயரும் அந்தத் தூளைச் செய்தவருக்குத்தான். இருவர் தூளையும் சாரே இன்னொரு தரம் கழுவி உலர்த்தி, நம்பர் போட்ட சீசாக்களில் வைக்கிறார். எது யாருடையது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

என் பெயர்தான் வர வேண்டும்.

15 ஜூலை
ருசி பார்க்கிற வெங்கடரமணன் தங்கை கல்யாணத்துக்குச் சத்தியவேடு போய்விட்டான். அவனுக்குப் பதில் நானாம். வரதராஜனும் நானும். எல்லோர் நாக்குக்கும் ஒரே இனிப்பு என்பது சாருடைய சட்டம். திருப்பதியில் வேறென்ன, லட்டுதான். சாருக்கே சர்க்கரை வியாதி, அவர் தொட மாட்டார்.

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவள் நான். "படைச்சது நமக்கு வேணாம்மா" என்பார் நைனா. இந்த வயது வரை லட்டை வாயில் வைத்ததில்லை.

"கஷ்டமா இருந்தா சொல்லுங்க, சக்கரை வச்சிப் பாக்கலாம்னு நான் சார்கிட்ட கேக்கறேன்" என்றான் வரதராஜன். எனக்குப் பரிந்து பேச இவன் யார்? லட்டே தின்கிறேன் என்றேன்.

17 ஜூலை, சனி
காலையில் ஒன்றாம் நம்பர். தூள் கொஞ்சம் மஞ்சள். என்னுடையதேதான்! நாக்கில் தடவிக்கொண்டு லட்டைக் கடித்தேன். லேசாக இனித்தது. "மண்ணு மாதிரி இருக்குது சார்" என்றேன்.

நாக்கு பழையபடி ஆனதும், மத்தியானம் இரண்டாம் நம்பர். பால் வெளுப்பு. அவனுடையது. லட்டு வாயில் மணலாக உதிர்ந்தது. ஏலக்காய் மணக்கிறது, நெய் மணக்கிறது, இனிப்பு மட்டும் துளியும் இல்லை. இப்படி ஒரு தூள் எனக்கு வரவில்லையே — எனக்கு ஏன் வரவில்லை?

"இனிக்குது சார். நல்லாவே இனிக்குது."

ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டும்.

19 ஜூலை
சார் நோட்டைப் பிரித்துக் காட்டினார். இரண்டாம் நம்பர் என்னுடையது.

20 ஜூலை
சார் கழுவியதில் வெளுத்துவிட்டது. அவனுடையது ஏதோ மஞ்சள் தட்டிப்போயிருக்கிறது. வெளுப்பைப் பார்த்ததுமே அவனுடையது என்று ஏன் முடிவு கட்டினேன்?

ஒன்றாம் நம்பர் இருவர் நாக்கிலும் ஓரளவாவது வேலை செய்ததாம், அதுவே போகட்டும் என்றார் சார். வரதராஜன் விடவில்லை. "ரெண்டுதான் சார் சுத்த மண்ணு. ஒண்ணுல இனிப்பு இருந்திச்சி, அது என்னுதா இருந்தா என்னா? அவங்க லட்டு துன்னதே மொதல் தடவ, இன்னொருக்கா பாக்கலாம் சார்."

சார் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நெஜமாவே இனிச்சதா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் பொய்க்காரி. தலையாட்டினேன்.

23 ஜூலை
அவனுடைய சீசா மெட்ராஸ் போயிற்று.

சாயங்காலம் வரதராஜன் ஒரு லட்டைப் பிட்டுப் பாதி நீட்டினான். "தூள் எதுவும் இல்லங்க. சும்மா துன்னு பாருங்க."

வாங்கித் தின்றேன். நான் சாரிடம் சொன்ன மாதிரியே, நன்றாகவே இனித்தது.