ஒழுகிய பாதி வீடு

பாய்,

எங்கள் அஸ்தம்பட்டி அடுக்ககத்தில் மேல்வீட்டுக் குழாய் உடைந்து கூடத்தில் சொட்டுகிறது. அடியில் அலுமினியக் குண்டானை வைத்தேன். முதல் சொட்டு விழுந்த ஓசையிலேயே உங்கள் சூரமங்கலம் வீடு வந்துவிட்டது.

குடைக்கடைக்காரரான உங்கள் வீட்டிலேயே மழை ஒழுகுகிறது என்று ஊர் சிரித்தது. காரணம் சர்வதேசமானது. உங்கள் அத்தா விட்டுப்போன வீட்டில் பாதி அண்ணனுக்கு. அவர் வியாபாரத்துக்காகக் கராச்சி போய் அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டார். அறுபத்தைந்தில் போர் வந்தது. அவர் பாதியை எதிரிச் சொத்து என்று அரசு எடுத்துக்கொண்டது. எடுத்தவற்றைத் திருப்பித் தருவது பற்றிப் பேசலாம் என்று தாஷ்கண்டில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. பேச்சு இன்னும் முடியவில்லை. அதுவரை அந்தப் பாதியில் ஓடு மாற்றவும் அனுமதி வேண்டும். ஆகவே ஒரே மழை உங்கள் பாதியில் பெய்தது, அவர் பாதியில் ஒழுகியது.

"எதிரி நாட்டுத் தண்ணி சார்," என்று குண்டானைத் தூக்கிப் போவீர்கள். "செம்பருத்திக்கு ஊத்துனா நம்ம நாட்டுப் பூதான் பூக்குது."

அந்தப் பாதி ஏலத்துக்கு வரும், நடுவீட்டில் யாரோ குடியேறுவார்கள் என்று பேச்சு கிளம்பியபோது, திருச்செங்கோட்டு வக்கீல் ஒரு வழி சொன்னார்.

"ஏனுங்க பாய், அண்ணன் போறதுக்கு முன்னாடியே வாய்வார்த்தையா எனக்குக் குடுத்துட்டாருன்னு சொல்லிப்போடுங்க. உங்க முஸ்லிம் சட்டத்துல அது செல்லுமுங்க."

"அவரு குடுக்கலைங்களே."

"கராச்சியில இருந்து வந்தா மறுக்கப் போறாரு?"

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "கவர்மெண்ட் அவர எதிரிங்குது. அது காயிதத்துல. குடுக்காதத குடுத்தாருன்னு நான் சொன்னா, அன்னைக்குத்தான் அவரு எனக்கு எதிரியாவாரு."

ஏலமும் வரவில்லை, அனுமதியும் வரவில்லை. அண்ணன் அங்கேயே மவுத்தானார். எதிரி இறந்தாலும் அவர் சொத்து எதிரிச் சொத்துதான் என்று பின்னால் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆயுளுக்குப் பிறகும் நீடிக்கும் பதவி எத்தனை பேருக்கு வாய்க்கும்! நீங்களோ கடைசி மழைக்காலம் வரை அவர் அறையில் குண்டானை வைத்து எடுத்தீர்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் மகள் இந்தக் குண்டானை என்னிடம் தந்தாள்.

என் மனைவி மேல்வீட்டுக்காரரை எதிரி என்றே குறிப்பிடுகிறாள். குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறாள். சற்று முன் அவரே இறங்கி வந்து வாசலில் தயங்கினார்.

"எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு ஒழுகுதாமுங்களே?"

"ஆமாங்க. உங்களுதுதான். சிந்தாமப் புடிச்சு வெச்சிருக்கேன். உள்ள வாங்க, டீ சாப்பிடலாம்."

வந்து உட்கார்ந்தார், பாய். தாஷ்கண்டில் பாக்கி நின்ற பேச்சை நாங்கள் தொடங்கினோம்.